மூன்று அடி தாமதம்

கோல்கீப்பர் கியு-வொன் இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கம் போய் வலையில் விழுந்தது. ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டம், பெனால்டி ஷூட்அவுட், ஐந்தாவது உதை. அதோடு தங்கம் போனது. மறுநாளே இணையத்தில் அவனுக்கு 'இடது கதவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தள்ளினால் ஒரே பக்கம்தான் திறக்குமாம். வீட்டில் உட்கார்ந்து பொரித்த கோழி தின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு நாக்கு எப்போதும் நீளம்தான்.

இடது பக்கம் பாய் என்று அவனுக்குப் போட்டுக் கொடுத்த அம்புக்குறிக்கு அடியில் முதலில் என்ன இருந்தது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். போட்டவன் பியோன் தே-சிக், அணியின் வீடியோ ஆள். இன்னொருத்தி நான். அவன் அம்பு போட்டபோது எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறந்து அதைச் சொல்வானா மாட்டானா என்பதுதான் அதற்குப் பிறகு ஐந்து மாதம் என் நெஞ்சில் கிடந்த கல்.

என் பெயர் பாங் சுன்-ஜா. தேசிய அணியின் பயிற்சி முகாமில் பத்தொன்பது வருடமாகச் சமையல். கையில் அகப்பை பிடித்த பெண்பிள்ளை எல்லாம் எங்கள் நாட்டில் சித்திதான். எனக்கும் அதுதான் பெயர். கேப்டன் முதல் நேற்று வந்த பையன் வரை "சித்தி, இன்னும் கொஞ்சம் சோறு" என்றுதான் நிற்பான். அணி வெளிநாடு போனால் நானும் போவேன், கிம்ச்சி ஊறுகாய்ப் பெட்டிகளோடு. போட்டி நாளில் கடற்பாசி சூப் வைக்கக் கூடாது, வழுக்கிவிடும் என்பதைத் தவிர எனக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. தெரிய வைத்தவன் தே-சிக்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. பள்ளி அணியில் வலது பின்களத்தில் ஆடியவன். பதினெட்டு வயதில் முழங்கால் போனது. ஓட முடியாதவன் ஓடுகிறவர்களைப் பார்த்துப் பிழைக்கலாம் என்று கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். எதிரணி ஆடிய பழைய ஆட்டங்களை எல்லாம் தேடிப் பிடித்து, வெட்டி, அடுக்கி, யார் எந்தக் காலால் எந்த நிமிடத்தில் என்ன செய்வான் என்று எழுதிக் கொடுப்பது வேலை. வீரர்கள் அவனை 'வீடியோ அண்ணன்' என்பார்கள். கூட்டத்தில் திரைக்கு முன் நின்று பேசுகிறவன் அவனல்ல. அவனுக்கு மேலே குவாக் சங்-இல் இருந்தான், பகுப்பாய்வுப் பிரிவின் தலைவன். தே-சிக் பின்வரிசையில் உட்கார்ந்து, குவாக் விரலை அசைத்தால் அடுத்த வீடியோவைத் தட்டிவிடுவான்.

இந்தக் குவாக்கும் அதே பள்ளி அணிதான். இரண்டு வருடம் மூத்தவன். அப்போதெல்லாம் மூத்தவனின் காலுறையை இளையவன் துவைக்க வேண்டும். தே-சிக்கின் பங்குக்கு வந்தது குவாக்கின் காலுறை. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரில் துவைத்துக் கை வெடித்த கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஒருமுறை துவைத்தால் ஆயுசுக்கும் துவைத்தது மாதிரிதான் போலிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் குவாக் கரண்டியை எடுக்கும்வரை இவன் எடுக்க மாட்டான். குவாக்குக்கு போன் வந்து கால் மணி நேரம் பேசினாலும் இவன் சூப் ஆறிக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூடாகப் போட்டது யார், நான்தானே!

ஒரு நாள் மதியம், எல்லாரும் எழுந்து போன பிறகு, தே-சிக் என் கிண்ணங்களை எல்லாம் இழுத்து மேஜை நடுவில் பரப்பினான். நான் அகப்பையை ஓங்கினேன்.

"கழுவ வேண்டிய கிண்ணத்தை வச்சுக்கிட்டு என்னடா விளையாட்டு?"

"ஒரே நிமிஷம், சித்தி. இது நம்ம நடுக்களம். முள்ளங்கி கிண்ணம் மூத்தவன். கீரைக் கிண்ணம் இளையவன். இந்த மூடி எதிராளி, பந்து அவன்கிட்ட இருக்கு. இப்ப இவனை நெருக்கணும். யாரு ஓடணும்?"

"கிட்ட இருக்கறவன் ஓடணும். கீரை."

"ஓட மாட்டான். முள்ளங்கி ஓடட்டும்னு நிப்பான். அண்ணன் கிளம்பின பிறகுதான் தம்பி கிளம்புவான். மூணு ஆட்டம் பார்த்துட்டேன், சித்தி. கிட்டத்துல இருக்கறவன் வயசுல சின்னவனா இருந்தா மூணு அடி லேட். அந்த மூணு அடிக்குள்ள எதிராளி தலையைத் தூக்கிப் பார்த்து பந்தைக் கடத்திடறான். நாம வாங்கின அஞ்சு கோல்ல நாலு அங்கிருந்துதான் ஆரம்பிச்சிருக்கு."

"அவனுங்களுக்கே இது தெரியுமா?"

"தெரியாது. கேட்டா, நான் உடனே ஓடினேன்னு சத்தியம் பண்ணுவாங்க. வீட்டுல, பள்ளிக்கூடத்துல, சாப்பாட்டு மேஜையில, எல்லா இடத்துலயும் பழகினது. கால் மட்டும் எப்படி மறக்கும்?"

உன் கரண்டியும் அப்படித்தானே என்று கேட்க வாயெடுத்தேன். பாவம், கண்ணில் அவ்வளவு வெளிச்சம் இருந்தது, கேட்கவில்லை. குவாக் அதைக் கோச்சிடம் 'எங்கள் கண்டுபிடிப்பு' என்று சொன்னான். தே-சிக்கின் பெயர் அதில் இல்லை. அவனுக்கு அது உறைத்ததாகவும் தெரியவில்லை.

கோச் விஷயம் தெரிந்தவர். பயிற்சியில் புதுச் சட்டம் போட்டார்: பந்துக்கு யார் கிட்டவோ அவன்தான் முதலில் ஓட வேண்டும், அண்ணன் முகத்தைப் பார்த்து நின்றால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து மைதானத்தைப் பத்துச் சுற்று. அண்ணன்மார் நாக்குத் தள்ள ஓடியதைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மூன்று வாரத்தில் பழக்கம் மாறியது. ஆசியப் போட்டியில் முதல் சுற்றில் பதிமூன்று கோல் போட்டோம், ஒன்றுகூட வாங்கவில்லை. காலிறுதியில் பின்னால் சுவர் கட்டிக்கொண்டு நின்ற அணியையும் உடைத்தோம். அரையிறுதியில் எங்கள் இளையவன் ஒருவன் கேப்டனுக்கு முன்னால் பாய்ந்து பந்தைப் பறித்ததைப் பார்த்து, தே-சிக் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்தது அதுவே கடைசி.

இந்தப் போட்டியில் தங்கம் என்றால் வெறும் தங்கம் அல்ல. எங்கள் நாட்டில் ஆண் பிள்ளையாகப் பிறந்தால் படையில் பதினெட்டு மாதம் இருந்தே ஆக வேண்டும். ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கியவனுக்கு விலக்கு. வெள்ளி வாங்கினால் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கியு-வொனுக்கு இருபத்து மூன்று வயது. பெல்ஜியத்தில் ஒரு கிளப் அவனுக்காகக் காத்திருந்தது, விலக்கு கிடைத்தால் வா என்று. படைக்கென்றும் ஓர் அணி உண்டு. ஆனால் அதில் கோல்கீப்பருக்கு இருந்த இடங்கள் நிரம்பியிருந்தன. தோற்றால் பதினெட்டு மாதம் துப்பாக்கியைத் துடைக்க வேண்டியதுதான். அந்த வயதில், அந்த உயரத்தில் எம்பித் தாவுகிற உடம்புக்கு அது சின்ன இடைவெளி அல்ல.

இறுதி ஆட்டத்தன்று காலை. விடுதி சமையலறையில் எனக்கு ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். தே-சிக் கையில் ஒரு தாளும் பென்சிலும் பேனாவுமாக வந்து எதிரில் உட்கார்ந்தான். ஷூட்அவுட் வந்தால் கோல்கீப்பர் பார்த்துக்கொள்ள, எதிரணியில் யார் எந்தப் பக்கம் உதைப்பான் என்று எண் வாரியாக அம்பு போட்டு, அந்தத் தாளைக் கோல்கீப்பரின் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிவிடுவான். ஒட்டுவதற்கு என் கிம்ச்சிப் பெட்டி டேப்தான். முதலில் பென்சிலில் போடுவான், பிறகு மேலே பேனா. பதினேழாம் எண்ணுக்கு வந்ததும் கை நின்றது. பென்சிலில் வலது பக்கம் அம்பு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, அதையே முறைச்சுக்கிட்டு இருக்கே?"

"பதினேழு, சித்தி. எல்லாரும் இடதுன்னுதான் வச்சிருக்கோம். ஒன்பது உதையில ஏழு இடது. ஆனா இன்னிக்குக் காலையில ரெண்டு புது வீடியோ வந்துச்சு. கணுக்கால் அடிபட்டுத் திரும்பி வந்த பிறகு அடிச்சது. ரெண்டும் வலது. ஓடி வர்ற தூரமும் குறைஞ்சிருக்கு."

"அப்ப வலதுன்னே போடு."

"குவாக் அண்ணன் காலை மீட்டிங்ல இடதுன்னு சொல்லிட்டாரு."

"நீ அங்கேயே சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"வேற யாருக்காவது ஏதாச்சும் இருக்கான்னு கோச் கேட்டாரு. அண்ணன் இல்லைன்னாரு. அதுக்கு மேல நான் எப்படி? வெளியே வந்து சொல்லலாம்னு இருந்தேன், போன்ல இருந்தாரு. பஸ்ல சொல்லலாம்னா கோச்சோட முதல் வண்டியில போறாராம்." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்ப நான் வலதுன்னு போட்டா, மீட்டிங்ல ஒண்ணு, பாட்டில்ல ஒண்ணு. கோச் கண்ணுல பட்டா அண்ணன் முகத்தை எங்க கொண்டு போய் வைப்பாரு?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எனக்கு நாற்பது சாப்பாட்டு டப்பா கட்ட வேண்டிய அவசரம். "அப்ப அண்ணன் சொன்னபடியே போட்டுட்டுப் போ. பெரியவங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும். பெனால்டி வரைக்கும் போகவா போகுது? சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன். அவன் ரப்பரை எடுத்து அழித்தான். பேனாவை எடுத்து இடது பக்கம் கனமாக ஒரு அம்பு போட்டான். டேப்பை நான்தான் கடித்துக் கொடுத்தேன்.

ஆட்டம் மாலையில். எதிரணி ஐந்து பேரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு எங்களை வா வா என்றது. முப்பதாவது நிமிடத்தில் எங்கள் நடுக்களத்து இளையவன் யார் முகத்தையும் பார்க்காமல் பாய்ந்து பந்தைப் பறித்தான், மூன்று தொடுதலில் கோல். கேலரியில் உட்கார்ந்திருந்த நான் டப்பா மூடிகளைத் தட்டினேன். எழுபது நிமிடம் தாண்டியதும் கால் ஓய்ந்தது. கால் ஓய்ந்தால் பழைய புத்தி வந்துவிடுகிறது. இளையவன் கிட்டத்தில் நிற்கிறான், பந்து எதிராளியிடம், இவன் கழுத்து திரும்பி மூத்தவனைத் தேடுகிறது. என் பக்கத்தில் தே-சிக் தாழ்ந்த குரலில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். பந்து எங்கள் பின்களத்தைக் கடந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று.

கூடுதல் நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஷூட்அவுட்டில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கம்பத்தில் அடித்தார்கள். இருவரும் மூத்த வீரர்கள், படைச் சேவையை முன்பே முடித்தவர்கள். பிற்பாடு அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கியு-வொன் பாட்டிலைப் பார்த்துப் பார்த்து நின்றான். இரண்டாவது உதையை அம்பு காட்டிய பக்கமே பாய்ந்து பிடித்தான். ஐந்தாவது உதைக்குப் பதினேழாம் எண் வந்தான். பிடித்தால் ஆட்டம் தொடரும், விட்டால் முடிந்தது. கியு-வொன் குனிந்து தண்ணீர் குடித்தான், பாட்டிலைப் பார்த்தான், கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். தே-சிக் என் பக்கத்தில் எழுந்து நின்றான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் அத்தனை தூரம் கேட்டிருக்காது.

அதன் பிறகு தே-சிக் அழவில்லை, குடிக்கவில்லை, லீவு போடவில்லை. மறுவாரமே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். அடுத்த போட்டி, அடுத்த எதிரணி. கூப்பிட்டால் வருவான், கேட்டால் பதில் சொல்வான். வீட்டில் அறை ஹீட்டர் கெட்டுப் போய் ஒன்பது நாள் குளிரில் தூங்கியிருக்கிறான், சரி பண்ணவில்லை; குளிர்வதாகத் தோன்றவில்லையாம். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் அவன் கிண்ணத்தில் மட்டும் முளைப்பயறு சூப்பில் இரண்டு கரண்டி உப்பு அள்ளிப் போட்டேன். கடல் தண்ணீர் தோற்றுப்போகும். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சு, சித்தி" என்று கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

"சொல்லிடுடா. குவாக்குகிட்டயோ கோச்சுகிட்டயோ, யாருகிட்டயாவது" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"சொன்னா மட்டும் பந்து திரும்பி வருமா, சித்தி?"

"பந்து வராது. அந்தப் பிள்ளை பேரு திரும்பும்."

"ம்" என்பான். அந்த 'ம்' ஐந்து மாதம் ஓடியது.

எங்கள் கால்பந்துச் சங்கத்தில் போட்டி அறிக்கை என்பது ஆறின கஞ்சி. அக்டோபர் ஆட்டத்துக்கு மார்ச்சில்தான் கூட்டம் வைத்தார்கள், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. குவாக் சொல்லச் சொல்ல அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் தே-சிக். அதில் ஒரு வரி: 'ஐந்தாவது உதையில் கோல்கீப்பரின் சொந்தக் கணிப்பு தவறாக அமைந்தது.' காலை மீட்டிங்கில் இடது என்று சொன்னது யார் என்பது அதில் இல்லை. தே-சிக் எதையும் மாற்றாமல் அப்படியே தட்டினான். என்னிடம் அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அதே வியாழன் மதியம் கியு-வொன் வந்தான். திங்கட்கிழமை படையில் சேர வேண்டும். போவதற்கு முன் பெரியவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். தலையை மொட்டை அடித்திருந்தான்.

"என்னடா இது, உரிச்ச பூண்டா?" என்றேன். வேறு எதையாவது சொன்னால் அழுதுவிடுவேன் என்றிருந்தது.

"நீங்க உரிச்சதா நினைச்சுக்குங்க, சித்தி. சோறு இருக்கா?"

தே-சிக்குக்கு எதிரில் போய் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் சூப் வைத்தேன். இளையவன் மூத்தவன் கரண்டிக்காகக் காத்திருந்தான். மூத்தவன் கரண்டியைத் தொடவில்லை. ஆவி அடங்கி மேலே ஆடை படிகிற வரைக்கும் பார்த்தேன்.

"யாராச்சும் ஒருத்தர் எடுத்துத் தொலைங்கடா!" என்று கத்தினேன்.

கியு-வொன் கரண்டிக்குப் பதிலாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். சுருங்கிப் போன தாள், ஓரங்களில் என் டேப். மேஜைமேல் வைத்து நீவினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? பதினேழுக்குப் பக்கத்துல பென்சில் தடம் இருக்கு. வலது பக்கம். அழிச்சிருக்கு."

தே-சிக் தாளைப் பார்க்கவில்லை. "எப்பப் பார்த்தே?"

"அன்னிக்கே. தண்ணி குடிக்கும்போது வெளிச்சம் பட்டுத் தெரிஞ்சுது. அப்புறம் அவன் ஓடி வந்தான். ஊன்றின கால் வலது பக்கம் பார்த்து நின்னுச்சு. வலதுதான்னு என் உடம்புக்குத் தெரிஞ்சுது, அண்ணே. ஆனா பேனாவுல இடதுன்னு இருக்கே. அண்ணனுங்க யோசிச்சுதான் அழிச்சிருப்பாங்க, நாம யாரு மாத்தறதுக்குன்னு…"

"அஞ்சு மாசமா கையில வச்சிருக்கே. எந்தப் பத்திரிகைக்காரன்கிட்ட காட்டியிருந்தாலும் உன் பேரு தப்பிச்சிருக்கும். ஏன்டா சொல்லல?" என்று கேட்டான் தே-சிக்.

"நான் எப்படி அண்ணே சொல்றது? நீங்க இருக்கும்போது."

குரலில் குத்தலே இல்லை. அதுதான் குத்தியது. எனக்கு அந்த இடத்திலேயே இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது, முதலில் என்னை.

"எனக்காகக் கூட இல்ல, அண்ணே" என்றான் கியு-வொன். "அம்மா மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க. வாங்க வர்றவங்க 'இடது கதவு அம்மா'ன்னு கூப்பிடறாங்களாம். அம்மா சிரிச்சுக்கிட்டே மீனை வெட்டிக் குடுக்கறாங்களாம். தங்கச்சி சொன்னா."

"ரெண்டு மணிக்குக் கூட்டம் இருக்கு" என்றான் தே-சிக்.

"தெரியும், அண்ணே. அதான் இன்னிக்கு வந்தேன்."

அவ்வளவுதான். சொல் என்று அவன் கேட்கவில்லை, சொல்கிறேன் என்று இவனும் சொல்லவில்லை. கியு-வொன் ஆறின சூப்பைக் குடித்துவிட்டு மறுபடி வணங்கி எழுந்தான். போகும்போது தாளை மேஜையிலேயே விட்டுப் போனான்.

கூட்டத்துக்கு வாற்கோதுமை டீ ஊற்றுவது என் வேலை. நீள மேஜை, ஏழெட்டுக் கோட்டுகள், நடுவில் சங்கத் தலைவர். குவாக் பக்கம் பக்கமாக வாசித்தான். அந்த வரியையும் வாசித்தான். தே-சிக் வழக்கம்போல் பின்னால், மடியில் கணினி. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேற யாருக்காவது ஏதாச்சும் சொல்ல இருக்கா?" என்றார்.

"இல்லீங்க" என்றான் குவாக்.

அதே கேள்வி, அதே பதில். கெட்டிலைப் பிடித்தபடி நின்றேன். தே-சிக்கின் கழுத்து குவாக் பக்கம் திரும்பியது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. தலைவர் அறிக்கையை மூடக் கையை வைத்தார்.

"இருக்கு" என்றான் தே-சிக். நாற்காலி கிறீச்சிட்டது.

திரையில் வீடியோ போட்டு விளக்குகிற மாதிரியே பேசினான். காலையில் இரண்டு வீடியோ வந்தது, பதினேழாம் எண் பக்கம் மாறியிருந்தது, பென்சிலில் சரியாகப் போட்டது, அழித்தது. தாளைத் தலைவர் முன்னால் வைத்தான். "குவாக் அண்ணனுக்குத் தெரியாது. அவர்கிட்ட நான் சொல்லவே இல்ல. தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். கோல்கீப்பர் நாங்க சொன்னதைச் செஞ்சாரு. அவர் கணிப்பு வலதுதான்." முகம் கழுவி வைத்த தட்டு. குரல் ஒரு இடத்திலாவது உடையும் என்று பார்த்தேன். உடையவில்லை.

நான் மட்டும் பொம்மையாக நிற்க முடியவில்லை. "அண்ணன் சொன்னபடியே போடுன்னு சொன்னது நான்தாங்க" என்றேன். கோட்டுகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"அம்மா, டீ போதும்" என்றார் தலைவர்.

வரி மாறியது. 'ஆட்டத்துக்கு முந்தைய தகவலில் குறை இருந்தது. கோல்கீப்பர் அறிவுறுத்தலின்படியே செயல்பட்டார்.' நாற்பத்து மூன்றாம் பக்கம். சனிக்கிழமைப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. தே-சிக்கின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடியும் என்றும் கடிதம் வந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை, எல்லாம் மரியாதையாகவே நடந்தது. குவாக் மட்டும் நடைவழியில் அவனை நிறுத்தினான்.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா கேட்டிருப்பேனேடா" என்றான்.

கேட்டிருப்பானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமானது. ஒரு வாய் வார்த்தைக்கு அவ்வளவு தூரமா?

திங்கட்கிழமை நானும் தே-சிக்கும் படைமுகாம் வாசலுக்குப் போனோம். பெற்றவர்களும் காதலிகளும் பூங்கொத்தும் போட்டோவுமாக ஒரே கூட்டம். கியு-வொனின் அம்மா கனத்த கோட்டு போட்டுக்கொண்டு மகன் கையைப் பிடித்தபடி நின்றாள். சிவந்து வெடித்த விரல்கள், ஐஸில் கிடந்த கை. எங்களைப் பார்த்துக் குனிந்தாள். தே-சிக் இன்னும் கீழே குனிந்தான், நிமிர நேரமானது.

"பத்திரிகையில பார்த்தேன், அண்ணே" என்றான் கியு-வொன்.

"ம்."

"படிச்சதும் ஏதாச்சும் தோணும்னு நினைச்சேன். ஒண்ணும் தோணல."

"சொல்லும்போது எனக்கும் ஒண்ணும் தோணல."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர் போல நின்றார்கள்.

"அம்மா அந்த நாலு வரியை வெட்டி கடையில ஒட்டியிருக்காங்க" என்றான் கியு-வொன். "ஐஸ் பெட்டி மேல. மீன் தண்ணி பட்டு ஏற்கனவே ஊறிப் போச்சு."

"அதுக்கு மேல டேப் போட்டிருக்கேன், இப்ப ஊறாது" என்றாள் அவன் அம்மா.

ஒலிபெருக்கி இரைந்தது. இன்று சேருகிறவர்கள் எல்லாரும் குடும்பத்தாரை விட்டுவிட்டு மைதானத்துக்கு வர வேண்டும். எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலைகள். ஒருவனும் அசையவில்லை. ஒவ்வொருவனும் பக்கத்தில் இருக்கிறவன் முதலில் போகட்டும் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிரில் மைதானம் வெறுமையாகக் கிடந்தது.

தே-சிக்கின் உதடு தன்னால் அசைந்தது. "ஒண்ணு" என்றான்.

இரண்டு என்பதற்குள் கியு-வொன் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடத் தொடங்கியிருந்தான். அந்தப் பெரிய மைதானத்தில் கொஞ்ச நேரம் அவன் ஒருவன்தான் ஓடினான். அப்புறம்தான் மற்றவர்கள் கிளம்பினார்கள். தே-சிக் எண்ணுவதை நிறுத்தியிருந்தான்.